ஆராய்ச்சிக்கு ஊதியம் உண்டு: வாசகர் கேள்வி, பேராசிரியர் பதில்

கடந்த சில வாரங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பட்டப்படிப்புக்குப் பிந்தைய மேற்படிப்பையும் ஆராய்ச்சி உதவித்தொகைகளையும் பற்றியவை. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு, முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் பதில் அளிக்கிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா தக்காளி பயிரிடுகிறார். விலை படுத்துவிடும் ஆண்டுகளில் பறிகூலிகூடக் கையிலிருந்துதான் போகிறது. எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் படிக்க ஆசை இருந்தாலும் அதற்கு வீட்டில் வசதி இல்லை. ஆராய்ச்சி மாணவர்களுக்கு மாதந்தோறும் பணம் தருவார்கள் என்று எங்கள் கல்லூரியில் படித்த அக்கா ஒருவர் சொன்னார். அது உண்மையா? இப்போதே நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?
(மாணவி, பாலக்கோடு)

பதில்: உண்மைதான் அம்மா. அந்த அக்கா சொன்னதை உங்கள் வீட்டில் நம்பியிருக்க மாட்டார்கள். நம் பகுதியில் படிப்பு என்றாலே பணம் கட்டுவது என்றுதான் பழகியிருக்கிறோம். பட்டப்படிப்பு வரை அது சரி. ஆனால் அறிவியலில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு என்பது நாட்டின் நல்ல நிறுவனங்கள் எல்லாவற்றிலும் ஊதியம் பெற்றுக்கொண்டு செய்யும் வேலையாகவே நடக்கிறது. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி, அதாவது ஜே.ஆர்.எஃப்., பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதுநிலை ஆய்வாளராக உயரும்போது 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனியாக உண்டு.

இது எம்.எஸ்சி. முடித்த பிறகு வருவது. நீங்கள் கேட்பது இப்போதைய நிலையைப் பற்றி என்பதால், கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, புது தில்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் அகாடமி ஆகிய மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு கோடைக்கால ஃபெல்லோஷிப்பை நடத்துகின்றன. அதில் தேர்வாகும் மாணவர், நாட்டின் ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் ஒரு விஞ்ஞானியின் கீழ் இரண்டு மாதம் வேலை செய்வார். அதற்கு உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவையும் தத்தம் கோடைத் திட்டங்களை நடத்துகின்றன.

இவற்றில் நம் மாணவர்கள் தவறவிடுவது திறமைக் குறைவால் அல்ல, தேதியால். மே மாதம் தொடங்கும் திட்டங்கள் சிலவற்றுக்கு விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. தேர்வெல்லாம் முடிந்து ஏப்ரலில் விசாரிக்கத் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் எல்லா இடத்திலும் கதவு சாத்தியிருக்கும். ஆகவே மூன்றாம் செமஸ்டர் நடக்கும் செப்டம்பர் மாதத்திலேயே அறிவிப்புகளைப் பார்க்கத் தொடங்குங்கள்.

விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாகக் கவனிக்கப்படுவது இரண்டு. ஒன்று, ஏன் இந்த ஆய்வில் ஈடுபட விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் ஒரு பக்கக் குறிப்பு. ‘சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்’ என்று தொடங்கும் குறிப்புகள் நூற்றுக்கணக்கில் வரும். அதற்குப் பதிலாக, தக்காளி ஏன் மூன்றே நாளில் அழுகுகிறது, எத்திலீன் வாயுவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு, அதைத் தாமதப்படுத்த என்ன வழிகள் படித்தீர்கள், அதில் உங்களுக்குப் புரியாமல் நின்ற இடம் எது என்று நேராக எழுதினால், படிப்பவர் அங்கே ஒரு மனிதரைப் பார்ப்பார். மற்றொன்று, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். கடைசி நாளில் போய்க் கையெழுத்து கேட்டால் எந்த ஆசிரியரும் பொத்தாம்பொதுவாகத்தான் எழுதுவார். ஒரு மாதம் முன்பே, உங்கள் குறிப்பையும் மதிப்பெண் பட்டியலையும் அவர் கையில் கொடுத்து, செய்முறை வகுப்பில் நீங்கள் செய்த ஒன்றை நினைவூட்டிக் கேளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை எப்போதும் மாதத்தின் முதல் தேதியில் வங்கிக் கணக்கில் விழுந்துவிடாது. பயணச் செலவை நாம் முதலில் போட்டுவிட்டுப் பிறகுதான் பெற வேண்டியிருக்கும். முதல் மாதச் சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் ஒரு சிறு தொகை கையில் இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

கேள்வி: என் மகள் பெங்களூருவில் ஓர் ஆய்வகத்துக்கு இரண்டு மாதம் போக வேண்டும் என்கிறாள். நான் கட்டட வேலை செய்பவன், படித்தவன் இல்லை. பெண் பிள்ளையைத் தெரியாத ஊருக்குத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?
(ஒரு தந்தை, காரிமங்கலம்)

பதில்: ஐயா, உங்கள் தயக்கத்தை நான் குறையாக எண்ணவில்லை. விசாரிக்காமல் அனுப்புவதுதான் தவறு. தேர்வுக் கடிதம் வந்ததும் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வளாகத்துக்குள் பெண்கள் விடுதியில் இடம் தருவார்களா, மகள் யாருடைய ஆய்வகத்தில் வேலை செய்வாள், அந்த ஆய்வகத்தில் வேறு மாணவிகள் இருக்கிறார்களா என்ற இவற்றை மின்னஞ்சலில் கேட்டால் எழுத்தில் பதில் தருவார்கள். எல்லா நிறுவனங்களும் விடுதியை உறுதி செய்வதில்லை என்பதால், விடுதி இல்லை என்று பதில் வந்தால் இடத்தை மாற்றித் தர முடியுமா என்று கேட்பதிலும் தவறில்லை.

முதல் நாள் நீங்களே உடன் போய்வாருங்கள். தருமபுரியிலிருந்து பாலக்கோடு, ஓசூர் வழியாக பெங்களூருக்கு ரயில் இருக்கிறது. ஆய்வகத்தையும் விடுதிக் காப்பாளரையும் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டால் உங்களுக்கும் இரவில் தூக்கம் வரும். நம் ஊர்ப் பிள்ளைகள் ஓசூர்த் தொழிற்சாலைகளில் இரவுப் பணிக்குக் கூடப் போய்வருகிறார்கள்; அதைவிடக் காவல் மிகுந்த இடம்தான் ஓர் ஆய்வு நிறுவன வளாகம். தயவுசெய்து இதை மறுத்துவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டில் இந்த வாய்ப்பைப் பெறும் பெண், எம்.எஸ்சி. நேர்காணலில் உட்காரும்போது அவளுடைய பேச்சே மாறியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தமிழ் வழியில் படித்து இப்போது பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டில் இருக்கிறேன். ‘ஜாம்’ தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம் என்கிறார்கள். பயிற்சி மையத்துக்குப் போகாமல், அதுவும் தமிழ் வழி மாணவனால், அதில் தேற முடியுமா?
(மாணவர், அரூர்)

பதில்: முடியும், தம்பி. ஆனால் எளிது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஜாம் தேர்வு இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், புவியமைப்பியல், பொருளாதாரம் என ஏழு தாள்களில் நடக்கிறது. பிப்ரவரியில் மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெறப்படும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணத்தில் சலுகை உண்டு.

தமிழ் வழியில் படித்தவருக்கு அங்கே தடையாவது ஆங்கிலம் அன்று, கேள்வியின் தன்மைதான். பல்கலைக்கழகத் தேர்வில் ‘விளக்குக’, ‘வருவி’ என்று கேட்கிறார்கள். மனப்பாடம் செய்தவரும் பக்கம் நிரப்பிவிடலாம். ஜாமில் ஒரே சமன்பாட்டைப் பழக்கமில்லாத ஒரு சூழலில் வைத்து எண்ணாக விடை கேட்பார்கள். இயற்பியல் தாளின் ஆங்கிலம் ஓர் இருநூறு, முந்நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும்; அதை இரண்டு மாதத்தில் பழகிவிடலாம். கணக்குப் போடும் பழக்கம் வர ஓராண்டு வேண்டும். பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கடிகாரம் வைத்துப் போட்டு, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பாடநூலுக்குத் திரும்பிச் சென்று, மறுபடி போடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது ஒரே விடை கொண்ட தேர்வு வினாக்களில் மட்டும்தான். எண்ணை விடையாக எழுதும் வினாக்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் கொண்ட வினாக்களுக்கும் குறைப்பு இல்லை. இதைத் தெரியாமல் அவற்றை வெற்றாக விட்டுவந்த மாணவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

எம்.எஸ்சி. மட்டுமே குறிக்கோளாக வேண்டியதில்லை. பெங்களூருவில் 1909-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் நிறுவனத்திலும், மேற்சொன்ன ஜக்கூர் மையத்திலும், ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களிலும் பி.எஸ்சி. முடித்தவர்களை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும், எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி. இருக்கிறது. முதல் நாளிலிருந்தே அதில் உதவித்தொகை உண்டு, பாடப்பகுதி முடிந்து ஆய்வு நிலைக்கு வந்ததும் தொகை உயரும். வீட்டுச் சூழல் காரணமாக எம்.எஸ்சி. கட்டணமே சுமையாக இருக்கும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. இயற்பியலுக்கு ‘ஜெஸ்ட்’ என்ற தனித் தேர்வும் இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்றவை அதன் வழியே மாணவர்களை எடுக்கின்றன. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கும் முதுநிலை கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

இவை எதிலும் இடம் கிடைக்கவில்லை என்றால் ஓராண்டை வீணாக்காமல் நம் பெரியார் பல்கலைக்கழகத்திலோ, பைசுஅள்ளியில் உள்ள அதன் ஆய்வு மையத்திலோ, அரசுக் கல்லூரியிலோ எம்.எஸ்சி. சேருங்கள். இறுதியாண்டிலேயே நெட் எழுதலாம், அதில் ஜே.ஆர்.எஃப். பெற்றவரை நீங்கள் எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று பார்த்து யாரும் ஒதுக்குவதில்லை.

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டுக்கான ஆய்வுத் திட்டத்தை வெளியே ஒரு நிறுவனத்தில் பணம் கட்டிச் செய்யலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பெரிய கருவிகள் எதுவும் இல்லை. என்ன தலைப்பு எடுப்பது?
(மாணவர், பென்னாகரம்)

பதில்: பணம் கட்டிச் செய்யும் திட்டத்தில் கருவியை இயக்குபவர் வேறொருவர், முடிவை எழுதித் தருபவர் இன்னொருவர். உங்கள் பெயர் மட்டும் அட்டையில் இருக்கும். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

உங்கள் ஊர்த் தண்ணீரையே எடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது நாடறிந்த செய்தி. பற்களில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளைப் பார்க்காத பள்ளி நம் பக்கத்தில் குறைவு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் நிலம் கருங்கல்லும் நைஸ் பாறையும் கொண்டது. அவற்றில் உள்ள ஃபுளோரைட், அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நீரில் கரைகிறது. நீரில் கால்சியம் குறைவாகவும் பைகார்பனேட் மிகுதியாகவும் இருந்தால் கரைவது இன்னும் கூடுகிறது. இதைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆயினும் குழாய் நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்பும் வீடுகள் எத்தனை, அந்தக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் அளவு எப்படி மாறுகிறது என்பதெல்லாம் ஒவ்வோர் ஊராகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

இதற்குத் தேவைப்படுவது ஃபுளோரைடு அயனி மின்முனை ஒன்றும், பி.எச். அளவியும், பொறுமையும். மாதிரிகளைக் கண்ணாடிப் புட்டியில் எடுக்காமல் பாலித்தீன் புட்டியில் எடுங்கள். டிசாப் எனப்படும் தாங்கல் கரைசலைச் சேர்த்த பிறகே அளவிடுங்கள், இல்லாவிட்டால் அலுமினியமும் இரும்பும் பிடித்துவைத்திருக்கும் ஃபுளோரைடு கணக்கில் வராது. ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை அளந்து, மூன்று எண்களையும் அப்படியே எழுதிவையுங்கள். ஒத்துவராத எண்ணை அழித்துவிடும் பழக்கம் நம் செய்முறை வகுப்புகளில் ஊறிப்போயிருக்கிறது. ஆராய்ச்சியில் அந்த ஒத்துவராத எண்தான் சில நேரம் புதிய செய்தியைச் சொல்லும். கல்லூரியில் மின்முனை இல்லையென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தைத் துறைத் தலைவரின் கடிதத்தோடு அணுகிக் கேட்டுப்பாருங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்கென்றே சிறு நிதியுதவி அளிக்கிறது. அதற்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

தாவரவியல், உயிர்வேதியியல் படிப்பவர்கள் இதே முறையில் காவேரிப்பட்டினம் அருகே பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தை எண்ணிப்பார்க்கலாம். மாவும் சிறுதானியமும் நம் வாசலிலேயே இருக்கின்றன.

கேள்வி: நான் எம்.ஏ. வரலாறு முதலாண்டு. உதவித்தொகை என்று பேசினாலே எல்லோரும் அறிவியல் மாணவர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்களுக்கு எதுவும் இல்லையா?
(மாணவி, தேன்கனிக்கோட்டை)

பதில்: இருக்கிறது. யு.ஜி.சி. நெட் தேர்வை வரலாறு, தமிழ், பொருளாதாரம், சமூகவியல் என எந்தப் பாடத்திலும் எழுதலாம். ஜே.ஆர்.எஃப். பெற்றால் கலைத் துறை மாணவருக்கும் அதே 37,000 ரூபாய்தான். இரண்டு தாள்களுக்கும் சேர்த்து 150 கேள்விகள், 300 மதிப்பெண், தவறான விடைக்குக் குறைப்பு இல்லை. எம்.ஏ.வில் 55 விழுக்காடு வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50 போதும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்ற திட்டம் இருக்கிறது, ஆசிரியர் தேர்வு வாரியம் அதற்குத் தகுதித் தேர்வு நடத்துகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு முழுநேர முனைவர் பட்ட ஆய்வுக்கான மாநில அரசின் ஊக்கத்தொகை தனியாக உண்டு. எம்.ஃபில். படித்துவிட்டு வரலாம் என்று எண்ணியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். 2022-இல் வந்த யு.ஜி.சி. விதிகள் அந்தப் படிப்பை நிறுத்திவிட்டன.

தலைப்புக்கு நீங்கள் தொலைவில் போக வேண்டியதே இல்லை. பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று தமிழக அரசு 2022 மே மாதம் அறிவித்தபோது நாடே நம் மாவட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் இன்னும் பல நின்றுகொண்டிருக்கின்றன, சாலை விரிவாக்கத்தில் சில காணாமலும் போகின்றன. உங்கள் வட்டத்தின் நடுகற்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, எழுத்திருந்தால் படித்து, ஊர்ப் பெரியவர்கள் அதைப் பற்றிச் சொல்வதையும் பதிவு செய்தால், அதுவே ஆய்வுத் திட்டத்துக்கு உறுதியான அடித்தளம். தேன்கனிக்கோட்டைப் பகுதியில் கன்னடமும் தெலுங்கும் தெரிந்த நீங்கள், சென்னையிலிருந்து வரும் ஆய்வாளரைவிட அங்கே முன்னால் இருக்கிறீர்கள்.

கேள்வி: பொறியியல் மூன்றாமாண்டு மாணவன். ஆன்லைனில் ஒரு நிறுவனம் ‘ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்’ சான்றிதழுக்கு 6,000 ரூபாய் கேட்கிறது. கூடவே ஒரு சர்வதேச இதழில் கட்டுரை வெளியிட்டுத் தருவதாகவும் சொல்கிறது. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இது உதவும் என்கிறார்கள். கட்டலாமா?
(மாணவர், பர்கூர்)

பதில்: கட்டாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் இப்படிப் பணம் கட்டிக் கட்டுரை வெளியிட்டபோது, இதில் என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று நானும் கையெழுத்திட்டேன். பிறகு அவர் ஒரு நல்ல நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனபோது, குழுவில் இருந்தவர்கள் அந்த இதழின் பெயரைப் பார்த்ததும் மற்ற கேள்விகளையே கேட்கவில்லை. அவருடைய ஓராண்டு போயிற்று. நான் தடுத்திருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

ஒரு வாய்ப்பு உண்மையானதா என்று அறிய ஒரே கேள்வி போதும்: பணம் எந்தப் பக்கம் போகிறது? தேர்வு விண்ணப்பக் கட்டணம் வேறு, அதை விட்டுவிடுங்கள். ஆய்வு செய்பவரிடம் ஆய்வுக்காகவே பணம் கேட்கும் இடத்தில் ஆய்வு நடப்பதில்லை.

வெளிநாட்டைப் பற்றிக் கேட்டதால் அதையும் சொல்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ். பெரும்பாலும் சொந்தப் பணத்தில் படிப்பது. பிஎச்.டி.க்குத் தேர்வானால், கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை கொடுத்து, கட்டணத்தையும் தள்ளி, மாத ஊதியமும் தருவதே வழக்கம். ஏஜென்டுகள் எம்.எஸ்.ஸைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் அவர்களுக்கு அதில்தான் வருமானம். அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் இளநிலை மாணவர் கோடைத் திட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியது. அதில் இடம் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் என்ற ஆய்வுப் பயிற்சித் திட்டம் இந்திய மாணவர்களுக்கும் திறந்திருக்கிறது, பன்னிரண்டு வாரம், செலவு அவர்களுடையது. அதற்கும் விண்ணப்பம் முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடும் என்பதால் மூன்றாமாண்டு தொடக்கத்திலேயே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். அரியர் ஏதும் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். அந்த 6,000 ரூபாயில் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு, மீதியை எம்.டெக். சேர்க்கைக்கான ‘கேட்’ தேர்வுக் கட்டணத்துக்கு வையுங்கள். கேட் தகுதியுடன் அரசு உதவி பெறும் எம்.டெக். இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் இங்கேயே கிடைக்கும்.